உப்பு ஐஸில் வைத்த சப்பாத்தி

என் மனைவியை நான் அடித்திருக்கிறேன். இதை முதலில் எழுதாமல் மற்றதை எழுதினால் பொய் எழுதியதாகிவிடும். திருநீறு எடுக்கிற கையால் பொய் எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்போது மலாக்காவில், காஜா பெராங்கில் ஒரு பலகை வீட்டில் குடியிருந்தோம். எனக்கு ஐஸ் லோரியில் வேலை. விடிவதற்கு முன்பே ஐஸ் கம்பெனிக்குப் போய்விட வேண்டும். இடுப்பு உயரக் கட்டிகளை இரும்புக் கொக்கியால் குத்தி இழுத்து, பலகையில் சறுக்கவிட்டு, லோரியில் அடுக்கி, மேலே மரத்தூளைக் கொட்டி, மீன் பாசாருக்கும் தண்ணீர்க் கடைகளுக்கும் கொண்டுபோய் இறக்குவோம். கட்டி சறுக்கினால் கால் போகும், கொக்கி தவறினால் தொடை போகும். எங்களோடு இருந்த ஒருவனுக்கு மூன்று விரல் நசுங்கிப் போனது. "விரலும் ஐஸுமா சேர்ந்து பாசாருக்குப் போயிருச்சு, எந்த மீன்காரி வித்தாளோ" என்று அவன் முன்னாலேயே சொல்லிச் சிரித்தோம். அவனும் சிரித்தான். சிரிக்காதவன் அங்கே இருக்க முடியாது. காலையில் பேச்சுத் தடித்தால் மத்தியானத்துக்குள் ஒருவனுக்கு மூக்கு உடைந்திருக்கும்.

அந்தக் கையோடுதான் நான் வீட்டுக்கு வருவேன். அடித்ததற்குப் பெரிய காரணம் ஒன்றும் சொல்வதற்கு இல்லை. குழம்பு ஆறியிருந்தால் ஓர் அறை. பதில் சொன்னால் இன்னொன்று. பதில் சொல்லாவிட்டால் 'என்ன திமிர்' என்று ஒன்று. சாயந்திரம் விளக்கேற்றி, தேவாரம் இரண்டு பாட்டுப் பாடிவிட்டுத்தான் சாப்பிட உட்காருவேன். பாட்டுக்கும் அறைக்கும் நடுவில் எனக்கு எந்தச் சங்கடமும் தெரிந்ததில்லை. அதுதான் இப்போது என்னைப் பயமுறுத்துகிறது.

எங்களுக்கு இரண்டு பிள்ளைகள் வயிற்றிலேயே போயின. ஒன்று ஆறாம் மாதம், ஒன்று ஏழாம் மாதம். இரண்டையும் நானே துணியில் சுற்றிக் கொண்டுபோய்ப் புதைத்தேன். மூன்றாவது தங்கியபோது எனக்குள் ஒரு பயம் உட்கார்ந்துகொண்டது. மாசி மகத்துக்குச் செங் ஊர்க் கோயிலில் காவடி எடுக்கிறேன், இந்தப் பிள்ளையை மட்டும் உயிரோடு கொடு என்று முருகனிடம் வேண்டிக்கொண்டேன். நாற்பத்தெட்டு நாள் விரதம். தரையில் படுக்கை, இரண்டு வேளைக் குளியல், பகலில் ஒருவேளை சோறு. இரவுக்குச் சோறு கூடாது, பலகாரம்தான். எனக்குச் சப்பாத்தி ஒத்துக்கொண்டது. ஒரே ஒரு கட்டளை வைத்தேன். விரதச் சாப்பாட்டில் பழையது எதுவும் கலக்கக் கூடாது. காலையில் சமைத்ததை மாலையில் தொடமாட்டேன். அன்றன்றைக்குக் குளித்துவிட்டுச் சுட்டதுதான் வேண்டும்.

அவளும் சரி என்றாள். சப்பாத்தி ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி வந்தது. மெதுவாக, சூடாக, விளிம்பு காயாமல் இருக்கும். நான் குளித்து வந்து உட்கார்ந்த ஐந்தாவது நிமிடத்தில் இலையில் விழும். 'விரதம் பலிக்கிறது, இவளும் திருந்திவிட்டாள்' என்று நினைத்துக்கொண்டேன். அந்த நாற்பது நாளில் நான் அவளை அடிக்கவில்லை. விரதத்தில் கோபம் கூடாது என்பதால் அடிக்கவில்லை. வேறு காரணம் இல்லை.

உண்மை என்னவென்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

விரதம் தொடங்கிய முதல் வாரத்திலேயே அவளுக்கு லேசாக இரத்தம் பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போனபோது, அடுப்படியில் நிற்காதே, படுத்தே இரு என்று நர்ஸ் மிஸ்ஸி சொல்லியிருக்கிறாள். என்னிடம் சொல்ல அவளுக்குப் பயம். 'எனக்குச் செய்ய வலிக்குதா' என்று கேட்டு நான் கை ஓங்குவேன் என்று அவளுக்குத் தெரியும். எங்கள் வீட்டில் துத்தநாகத் தகடு அடித்த மரப்பெட்டி ஒன்று இருந்தது. அவளுக்கு உடம்பு எரிகிறது என்று நான்தான் தினமும் ஒரு துண்டு ஐஸ் கொண்டுவந்து அதில் போடுவேன். ஐஸ்கிரீம் விற்கிற சீனன் வாளியில் கல் உப்பைக் கொட்டி ஐஸை இன்னும் குளிராக்குகிற வித்தையை ஒருநாள் நல்ல மனநிலையில் அவளுக்கு விளக்கியவனும் நான்தான்.

அவள் அதைப் பிடித்துக்கொண்டாள். உடம்பு இடம் கொடுக்கிற ஒருநாளில், விடியக் குளித்துவிட்டு, ஐம்பது அறுபது சப்பாத்தியை ஒன்றாகத் தேய்ப்பாள். கல்லில் போட்டு முக்கால் வேக்காட்டில் எடுத்துவிடுவாள். சிவக்க விடமாட்டாள். சுளகில் ஒவ்வொன்றாகப் பரப்பி நன்றாக ஆறவிடுவாள். சூட்டோடு அடுக்கினால் வேர்த்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஆறியதும் நடுநடுவே எண்ணெய்த்தாள் வைத்து, ஆறாறாக அடுக்கித் துணியில் இறுக்கிக் கட்டி, பிஸ்கட் டின்னில் வைத்து, மூடி ஓரத்தைப் பிசைந்த மாவால் அடைத்துவிடுவாள். டின்னைச் சுற்றி உப்புப் போட்ட ஐஸ், அதற்கு மேல் சாக்கு. ஒரு பொழுதில் கட்டு கல்லாகிவிடும். சாயந்திரம் நான் கிணற்றடியில் தண்ணீர் ஊற்றுகிற சத்தம் கேட்டதும் ஒரு கட்டை எடுத்துப் பிரித்து, இளக விடாமல் நேரே சூட்டுக் கல்லில் போடுவாள். வெளியே வைத்து இளகவிட்டால் விளிம்பு வெடிக்குமாம். இரண்டு புரட்டு, அவ்வளவுதான். அந்த ஐந்து நிமிடம் தவிர மற்ற நேரமெல்லாம் அவள் படுத்திருந்தாள். எனக்குத் தெரியாமல், என் பிள்ளையைக் காப்பாற்ற.

நாற்பத்திரண்டாம் நாள், நாட்டுக்குச் சுதந்திரம் எப்போது என்று பண்டார் ஹிலிர் திடலில் தேதி சொன்னார்கள். டவுன் முழுக்கச் சனம். வெயில். ஆயர் பத்து என்கிற ஐஸ் தண்ணீர் விற்கிறவர்கள் ஐஸ் ஐஸ் என்று பறந்தார்கள். நாங்கள் மூன்று நடை அடித்தோம். மத்தியானம் எங்கள் ஐஸ் அறுக்கிற வாள் உடைந்தது. என் லோரிக் கூட்டாளியை வீட்டுக்கு அனுப்பி, என் வீட்டு வாளை எடுத்துவரச் சொன்னேன்.

அவன் வாளோடு வந்தான். முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. தண்ணீர் விற்கிறவர்கள் ஏழெட்டுப் பேர் எங்களைச் சுற்றி நின்றார்கள்.

"சாமி, பசியாறிட்டீங்களா?" என்றான்.

"விரதக்காரன்கிட்ட என்னடா கேள்வி?"

"இல்ல, வீட்ல தங்கச்சி எனக்கு ரெண்டு ரொட்டி போட்டுச்சு. பெட்டியில இருந்து எடுத்துச்சு பாருங்க, கருங்கல்லு மாதிரி. கல்லுல போட்டதும் பூ மாதிரி ஆயிருச்சு. 'என்னைக்குச் சுட்டது தங்கச்சி'ன்னேன். ஆறு நாளாச்சுண்ணேங்குது!"

நான் கொக்கியைக் கையில் எடுத்தேன்.

"தினம் அதான் சாமிக்கு நைவேத்தியமாம்," என்று மற்றவர்களைப் பார்த்துச் சொன்னான். "ஊர்ல பொணத்தத்தான் ஐஸ்ல வைப்பாங்க. நம்ம சாமி விரதத்தையே ஐஸ்ல வெச்சிருக்காரு!"

எல்லாரும் சிரித்தார்கள். கொக்கியின் கட்டையால் அவன் வாயில் அடித்தேன். பல் கட்டையில் பட்ட சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது. அவன் இரத்தத்தைத் துப்பிவிட்டு என் வயிற்றில் தலையால் முட்டினான். இருவரும் லோரியிலிருந்து நழுவிய கட்டியோடு தரையில் விழுந்தோம். நான் அவன் தலையை ஐஸில் வைத்துத் தேய்த்தேன். ஐஸுக்காகச் சண்டை போடுகிறோம் என்று நினைத்துச் சனங்கள் விலக்கினார்கள். திடலில் கை தட்டுகிற சத்தம் கடல் அலை மாதிரி எழும்பியது. அந்தத் தேதியை எல்லாரும் கேட்டார்கள். நான் மட்டும் கேட்கவில்லை. என் காதில் இருந்தது ஒன்றுதான். நாற்பத்திரண்டு நாளும் போச்சு. விரதம் போச்சு. பிள்ளை போச்சு.

வாசகர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். நியாயப்படுத்தச் சொல்லவில்லை. எனக்கு அன்று இருந்தது ரோஷம் மட்டும் இல்லை, பயமும்தான். தன் கையால் இரண்டு பிள்ளைகளைப் புதைத்தவன் மூன்றாவது குழியைப் பார்த்துவிட்ட பயம். ஆனால் என் கைக்குப் பயத்தையும் அடியாகத்தான் வெளியே கொண்டுவரத் தெரியும்.

வீட்டுக்குள் போனபோது அவள் பாயில் படுத்திருந்தாள். என் சட்டையில் இரத்தத்தைப் பார்த்துப் பதறி எழுந்தாள்.

"ஏங்க, என்னாச்சு? கட்டி விழுந்துருச்சா?"

பெட்டியைத் திறந்தேன். சாக்கை இழுத்து எறிந்தேன். டின் மூடியைப் பிய்த்தேன். உள்ளே துணிக்கட்டுகள் அழகாக அடுக்கியிருந்தன.

"இது என்னடி?"

அவள் டின் மூடியை எடுத்து ஓரமாக வைத்தாள். பிறகு, "ரொட்டி," என்றாள்.

"எனக்குப் பழசப் போட்டியா? விரதத்துல?"

"பழசு இல்லங்க. குளிச்சுட்டுத்தான் சுட்டேன். மொத ரொட்டிய சாமிக்குக் காட்டிட்டுத்தான் மூடுனேன். கெட்டுப்போனாத்தானே பழசு? மோந்து பாருங்க. நேத்துச் சுட்ட மாதிரிதானே இருக்கு?"

"எனக்கே சாஸ்திரம் சொல்றியா?"

முதல் அறையில் அவள் சுவரில் போய் மோதினாள். வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டாள். முகத்தை மறைக்கவில்லை. நான் முகத்திலேயே அடித்தேன். நாற்பத்திரண்டு நாளும் அடக்கி வைத்ததெல்லாம் வந்தது. தலைமுடியைப் பிடித்துப் பெட்டியண்டை இழுத்து, "தின்னு, நீயே தின்னு" என்று கத்தினேன். அவள் குனிந்தாள். தின்னத்தான் குனிகிறாள் என்று நினைத்தேன்.

கட்டு என் புருவத்தில் இறங்கியது.

ஆறு சப்பாத்தி, உறைந்து, துணியில் இறுக்கிக் கட்டியது. செங்கல் தோற்றுப்போகும். கண் இருண்டது. இரண்டாவது வீச்சு மேல்வாயில் பட்டது. மூன்றாவதை நான் பார்க்கவில்லை, தரையில் கிடந்தேன். "என் புள்ளைய விடு! என் புள்ளைய விடுடா!" என்று அவள் கத்திக்கொண்டே இருந்தாள். கல்யாணமாகி ஆறு வருஷத்தில் என்னை 'டா' போட்டது அந்த ஒரு தடவைதான்.

கண்ணிலிருந்த இரத்தத்தைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அவள் காலடியில் தரை சிவப்பாக இருந்தது. அது என் இரத்தம் இல்லை.

பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டிக் குடும்பத்து அக்காள் ஓடி வந்தாள். நெற்றியில் எங்களைப் போலவே திருநீறு பூசுவாள், வாயில் மட்டும் தலைமுறையாக மலாய். "கீலா! கீலா!" என்று என்னைப் பார்த்துக் கத்தினாள். பைத்தியக்காரா என்று அர்த்தம். என்னைத் தாண்டிப்போய் என் மனைவியைத் தாங்கி, சைக்கிள் ரிக்ஷா மாதிரியான திரிசாவில் ஏற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். நான் பின்னாலேயே நடந்தேன். வழியெல்லாம் கொடி. சனங்கள் பாட்டோடு வந்துகொண்டிருந்தார்கள். என் முகத்தைப் பார்த்து வழி விட்டார்கள்.

டிரஸ்ஸர் எனக்கு ஏழு தையல் போட்டார். மேல்வாயில் இரண்டு பல் இல்லை. பக்கத்து வார்டில் மிஸ்ஸி அவளிடம் கேட்டது எனக்குக் கேட்டது.

"எப்படிம்மா ஆச்சு? விழுந்தியா?"

எல்லாப் பெண்களும் விழுந்தேன் என்றுதான் சொல்வார்கள். அவளும் அப்படிச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"விழல. அவரு அடிச்சாரு. நான் ரொட்டியால அடிச்சேன்."

மிஸ்ஸி சிரித்துவிட்டாள். பிறகு அவள் முகத்தைப் பார்த்திருப்பாள், சிரிப்பு நின்றது.

பிள்ளை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது, ஆனால் உறுதி சொல்ல முடியாது, பிரசவம் வரை எழுந்திருக்கக் கூடாது என்று டாக்டர் சொன்னார். மறுநாள் புக்கிட் ரம்பாயிலிருந்து மச்சான் வந்தார். அவளுக்கு மூத்தவர், மரம் அறுக்கிற வேலை. தங்கையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, ஆஸ்பத்திரி மரத்தடியில் என் சட்டையைப் பிடித்தார்.

"மாப்ள, ஒங்க தையல் எத்தனை?"

"ஏழு, மச்சான்."

"பத்தாது."

அடித்தார். காதோடு, விலாவில், கீழே விழுந்த பிறகு காலால். அவர் மூச்சு வாங்கி நிற்கும்வரை அடித்தார். நான் கையை ஓங்கவில்லை. அதை நல்ல குணம் என்று எண்ண வேண்டாம். எனக்கு அடி தேவைப்பட்டது. யாராவது அடித்தால் கொஞ்சம் கணக்குத் தீரும் என்று ஆசைப்பட்டேன். தீரவில்லை. "இவ பொழைச்சு, புள்ள பொழைச்சா, அப்பறம் பேசுவோம். அதுவரைக்கும் எங்க வாசல்ல ஒங்க நிழல் விழக்கூடாது," என்று சொல்லிவிட்டு, நான்கு நாளில் அவளை வாடகைக்குப் பிடித்த காடியில் படுக்கவைத்துப் புக்கிட் ரம்பாய்க்குக் கொண்டுபோய்விட்டார்.

இரத்தக் காயத்தோடு காவடி தூக்கக் கூடாது என்று கோயிலில் சொல்லிவிட்டார்கள். மாசி மகத்தன்று நான் வீட்டிலேயே இருந்தேன். தெருவில் உறுமி சத்தம் போனது. சாமி அறையில் உட்கார்ந்து என்ன வேண்டுவது என்று தெரியவில்லை. விரதம் ரொட்டியால் உடைந்ததா, என் கையால் உடைந்ததா என்று முருகனைக் கேட்டேன். அவன் யாருக்குத்தான் பதில் சொன்னான்? கடைசியில், 'என்மேல் இருக்கிற கோபத்தைப் பிள்ளைமேல் காட்டாதே' என்று மட்டும் சொல்லி எழுந்தேன்.

மூன்று மாதம். அவளுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று மனம் துடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே மாவு பிசைந்தேன். சுட்டேன். சூட்டோடு அடுக்கினேன், தாள் வைக்க மறந்தேன். மறுநாள் டின்னைத் திறந்தால் எல்லாம் ஒரே பலகை. கத்தியால் நெம்பினேன், தூள் தூளாக உடைந்தது. இரண்டாவது முறை மூடியை அடைக்கவில்லை, உப்புத் தண்ணீர் இறங்கிக் கூழாகிவிட்டது. அவள் பக்குவத்தில் எத்தனை இருந்தது என்று அப்போதுதான் தெரிந்தது. இரத்தம் படுகிற உடம்போடு, கல்லண்டை நிற்க முடியாத பெண் இதை நாற்பது நாள் பிசகாமல் செய்திருக்கிறாள். நான் பழசு என்றேன். மூன்றாவது முறை ஓரளவு வந்தது. சாக்கில் ஐஸோடு சுற்றி, சைக்கிளில் புக்கிட் ரம்பாய்க்குப் போய், வேலிக்கு வெளியே நின்று கொடுத்தேன். மச்சான் வாங்கிப் பார்த்துவிட்டு நாயிடம் எறிந்தார். நாய் கடித்துப் பார்த்தது, பல் இறங்கவில்லை, விட்டுவிட்டுப் போனது.

"நாயே தொடல, மாப்ள. போங்க."

அடுத்த வாரமும் கொண்டுபோனேன். அதற்கடுத்த வாரமும். ஒருநாள் எறியாமல் உள்ளே எடுத்துப்போனார். யார் தின்றார்கள் என்று கேட்கவில்லை.

வைகாசியில் பிள்ளை பிறந்தது. ஆண். மெலிந்துதான் இருந்தது, ஆனால் அழுதது. செய்தி சொல்ல வந்தது மச்சான்தான். என் வாசலில் நின்று, "உயிரோட இருக்கு" என்றார். நான் அவர் காலில் விழுந்தேன். அவர் காலை நகர்த்திக்கொண்டார்.

பிள்ளைக்கு ஆறு மாதமானபோது அவள் திரும்பி வந்தாள். நானாகக் கூப்பிடவில்லை. அண்ணன் வீட்டில் எத்தனை நாள் என்று அவளாக வந்தாள். 'இனிமேல் இல்லை' என்று நான் கற்பூரம் அணைத்துச் சொன்னேன். அவள் அதைக் கேட்டுவிட்டுப் பிள்ளைக்குத் துணி மாற்றப் போனாள்.

அதற்குப் பிறகு என் கை எழவே இல்லை என்று எழுதி முடிக்க ஆசையாக இருக்கிறது. சாமி பார்க்கிறார். ஒரு தடவை எழுந்தது. பிள்ளைக்கு ஒரு வயது நெருங்கிய சமயம். கம்பெனியில் ஏதோ சச்சரவு. சாப்பிட உட்கார்ந்து, அவள் என்ன சொன்னாள் என்பதுகூட இப்போது நினைவில்லை, எழுந்து கையை ஓங்கிவிட்டேன். அவள் ஒதுங்கவில்லை. பிள்ளை இடுப்பில் இருந்தான். நான் விளையாட்டுக் காட்டுகிறேன் என்று நினைத்துக்கொண்டான். என்னைப் பார்த்து, இரண்டு பல் முளைத்த வாயால் சிரித்து, தன் சின்னக் கையையும் என்னைப் போலவே மேலே தூக்கினான்.

நாங்கள் இருவரும் அப்படியே நின்றோம், அப்பனும் மகனும், கையைத் தூக்கிக்கொண்டு.

"நல்லாப் பாத்துக்கடா," என்று அவள் பிள்ளையிடம் சொன்னாள். "அப்பா சொல்லிக் குடுக்கறாரு."

நான் கையை இறக்கினேன். அவன் இறக்கவில்லை. இன்னொரு முறை செய் என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.